கைவேகத்தை அளந்து கொடுக்கும் கூலி

அமெரிக்காவில் நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலி 1938-ல் வந்தது. மணிக்கு 25 சென்ட் என்று அடிமட்டம் வகுத்த அதே நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம், உடல், மனக் குறைபாடுகளால் வேலைத்திறன் குறைந்தவர்களுக்கு அதற்கும் கீழே கொடுக்கலாம் என்று விலக்கும் அளித்தது. தொழிலாளர் துறையிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். முழுக்கூலி கொடுக்கச் சொன்னால் முதலாளிகள் இவர்களைச் சேர்க்கவே மாட்டார்கள் என்பது அன்றைய வாதம். இன்று 14(சி) எனப்படும் அந்தப் பிரிவில் 1986-ல் வந்த திருத்தம், கொடுத்தே ஆக வேண்டிய மிகக் குறைந்த தொகை என்ற வரம்பையும் எடுத்துவிட்டது. அதன்பின் மணிக்கு ஒரு டாலருக்கும் குறைவான கூலிகூடச் சட்டப்படி செல்லும்.

கணக்கிடும் முறை இது. குறைபாடு இல்லாத, அனுபவமுள்ள ஒருவர் குறிப்பிட்ட வேலையை எவ்வளவு வேகமாகச் செய்கிறார் என்று கடிகாரம் வைத்து அளப்பார்கள். பிறகு மாற்றுத்திறனாளித் தொழிலாளியை அளப்பார்கள். முதலாமவர் மணிக்கு 60 பைகளில் திருகாணி நிரப்பி, இரண்டாமவர் 15 பைகள் நிரப்பினால், அவரது உற்பத்தித்திறன் கால்பங்கு. அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்குக் கூலி 12 டாலர் என்றால் அவருக்கு 3 டாலர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரரைவிட மெதுவாகச் செய்கிறார் என்பதற்காகக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே போகும் நிலை மற்றத் தொழிலாளிகளுக்கு இல்லை. மேசையின் உயரம் அவருக்குப் பொருந்துகிறதா, வேலையை யாராவது ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்களா, திருகாணி நிரப்புவதைவிட அவருக்கு நன்றாக வரக்கூடிய வேலை வேறு உண்டா என்ற கேள்விகளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனியாக நடத்தப்பட்ட பட்டறைகளில் பல்லாயிரம் பேர் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் பொட்டலம் கட்டினார்கள்.

கற்றுக்கொடுத்தார்களா என்ற கேள்வியை உரக்கக் கேட்டவர் சிறப்புக் கல்வி ஆய்வாளர் மார்க் கோல்ட். 1970-களில் இலினாய் மாநிலத்தில், எதற்கும் ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த கடும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம், 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டும் வேலையைக் கொடுத்தார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, பேச்சைக் குறைத்து, கையால் காட்டிக் கற்பித்தார். அவர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்க முடியவில்லை என்றால் கற்பிக்கும் வழியை மாற்ற வேண்டும் என்பதே அவர் நிறுவியது.

இந்த எண்ணத்திலிருந்து 1980-களில் வளர்ந்ததுதான் ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் பால் வேமனும் அவரது குழுவினரும் பழைய வரிசையைத் தலைகீழாக்கினார்கள். முன்பு பயிற்சி முதலில், வேலை பிறகு. 'இன்னும் தயாராகவில்லை' என்ற குறிப்போடு பலருக்குப் பட்டறையிலேயே ஆயுள் கழிந்தது. புதிய முறையில் வேலை முதலில். பயிற்சி அந்த வேலையிடத்திலேயே. 1986-ல் மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் இதை மத்திய அரசின் நிதி பெறும் சேவையாக்கியது.

ஒருவர் எதில் ஈடுபாட்டோடு இருக்கிறார், எந்த நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்று முதலில் கவனிக்கிறார்கள். அதற்கேற்ற வேலையைத் தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் முதலாளியோடு பேசி உருவாக்குகிறார்கள். மருத்துவமனையில் செவிலியர்கள் நேரம் கிடைக்கும்போது செய்துவந்த, தட்டுகளில் பொருள் அடுக்கும் வேலையைத் தனி வேலையாகப் பிரித்தெடுப்பது இந்த வகை. வேலைப் பயிற்றுநர் முதல் வாரங்களில் கூடவே நிற்பார். படிகளைப் படமாக்கிச் சுவரில் ஒட்டுவார். சக ஊழியர் ஒருவர் பழகியதும் மெல்ல விலகிக்கொள்வார். மேலாளர் மாறினாலோ புது இயந்திரம் வந்தாலோ திரும்பி வருவார். இந்தத் தொடர்கவனிப்புக்குப் பணம் ஒதுக்காத இடங்களில் கிடைத்த வேலை நிலைப்பது கடினம். ஊதியம் அதே வேலை செய்யும் மற்றவர்களுக்கு உள்ளதுதான்.

14(சி) தந்த விலக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை அயோவா மாநிலத்தின் அட்டாலிஸா காட்டியது. டெக்சஸிலிருந்து கொண்டுவரப்பட்ட அறிவுசார் குறைபாடுள்ள ஆண்களை ஹென்ரீஸ் டர்க்கி சர்வீஸ் என்ற நிறுவனம் அங்கே ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் தங்கவைத்து, பக்கத்து ஊர் வான்கோழி இறைச்சி ஆலைக்கு அனுப்பியது. பல பத்தாண்டுகள் உழைத்தவர்களுக்குக் கையில் கிடைத்தது மாதம் 65 டாலர். தங்குமிடம், உணவு, பராமரிப்பு என்று மீதியைப் பிடித்துக்கொண்டார்கள். 2009-ல்தான் அதிகாரிகள் அவர்களை அங்கிருந்து மீட்டார்கள். 2013-ல் நடுவர் குழு 32 பேருக்கு 24 கோடி டாலர் இழப்பீடு அறிவித்தது; சட்டம் வைத்த உச்சவரம்பால் அது 16 லட்சமாகச் சுருங்கியது. அந்த ஆலையில் அவர்கள் செய்தது மற்றத் தொழிலாளிகள் செய்த அதே வேலை.

மாற்றம் மாநிலங்களிலிருந்து வந்தது. வெர்மான்ட் 2002-ல் தன் கடைசித் தனிப்பட்டறையை மூடியது. ஓரிகனில் பட்டறைத் தொழிலாளர்கள் 2012-ல் தொடுத்த வழக்கு 2015-ல் உடன்பாட்டில் முடிந்து, பொதுவான வேலையிடங்களுக்கு அவர்களை மாற்ற அரசு ஒப்புக்கொண்டது. குறைந்தபட்சத்துக்கும் கீழான இந்தக் குறைகூலியை 2015-ல் நியூ ஹாம்ப்ஷயர் தடைசெய்தது; அலாஸ்கா, மேரிலாண்ட் உட்படப் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2014-ன் மத்தியச் சட்டம் ஒன்று, 24 வயது வரையிலானவர்களை வேறு வழிகளைக் காட்டாமல் நேரே குறைகூலிக்கு அனுப்புவதைத் தடுத்தது. 2010-ல் ஏறத்தாழ 3 லட்சமாக இருந்த 14(சி) தொழிலாளர்கள் 2019-ல் சுமார் 1.2 லட்சமாகக் குறைந்தார்கள்.

பெற்றோர் பலர் இந்த மாற்றத்தை எதிர்க்கிறார்கள். பட்டறை மூடினால் பிள்ளை வீட்டில் முடங்கும், வெளிவேலை வாரத்துக்குச் சில மணி நேரமே கிடைக்கும் என்பது அவர்கள் அச்சம். அது வீண் அச்சம் அல்ல. பட்டறையை மூடிவிட்டு ஆதரவுச் சேவைக்குப் பணம் ஒதுக்காத அரசு அதை மெய்யாக்கிவிடும். ஆனால் மீதி நேரத்தை நிரப்பத் தேவை பகல்நேரச் சேவைகள். குறைகூலி அதற்கு மாற்றாகாது. இன்னொரு முட்டுக்கட்டை, எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவித்தொகை. அதைப் பெறும் தனிநபரின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 1989-லிருந்து உயரவில்லை. சம்பளம் உயர்ந்தால் உதவியும் அதோடு சேர்ந்த மருத்துவ வசதியும் போய்விடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல ஆலோசகர் இருப்பதும் ஆதரவுச் சேவையின் பகுதியே.

14(சி) சான்றிதழ்களைப் படிப்படியாக நிறுத்தும் விதியைத் தொழிலாளர் துறை 2024 டிசம்பரில் முன்மொழிந்து, 2025 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிரிவை நீக்க நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும். மாநிலச் சட்டம் தடுக்காத இடங்களில் அந்தச் சான்றிதழ் இன்னும் செல்லும்.