மூச்சுக் கடன் கொடுக்கும் இன்ஜின்!

ஆந்திரா பார்டருக்குக் கொஞ்சம் முன்னால, கொல்கத்தா ஹைவேயில இருக்கு எளாவூர் செக்போஸ்ட். அங்கே லாரிக்காரங்களுக்கு அத்துப்படியான வித்தை ஒண்ணு உண்டு பாஸ். பேட்டரி செத்துப்போன லாரி பக்கத்துல இன்னொரு லாரியை நிறுத்தி, ரெண்டு கேபிளை மாட்டி சாவியைத் திருப்பினா... வண்டி ரெடி! சரி, நூத்தம்பது பேர் உட்கார்ந்திருக்கிற ஜெட் விமானம் மக்கர் பண்ணினா? 'எல்லாரும் இறங்கித் தள்ளுங்கப்பா'ன்னு சொல்ல முடியுமா? அதுக்கும் இருக்கு ஒரு 'கைமாத்து' டெக்னிக். பேரு, கிராஸ் பிளீட் ஸ்டார்ட். இங்கே கடன் வாங்குறது கரன்ட் இல்லை, காத்து!

காத்து எதுக்கு?

ஏ320, போயிங் 737 மாதிரி விமானங்கள்ல இன்ஜினை முதல்ல சுத்திவிடுறது அழுத்தமான காற்றுதான். அது ஸ்டார்ட்டரைச் சுழற்றும். இன்ஜினோட மையப்பகுதி ஓரளவு வேகம் பிடிச்சதும் எரிபொருள் பாயும், தீப்பொறி தட்டும். அப்புறம் இன்ஜின் தன் காலில் தானே நிற்கும்.

வழக்கமா இந்தக் காற்றைக் கொடுக்கிறது வால் பகுதியில இருக்கிற குட்டி டர்பைன். பேரு ஏ.பி.யு. 1963-ல் முதன்முதலா பறந்த போயிங் 727-தான் இதைப் பயணிகள் ஜெட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. இந்தக் குட்டி ரிப்பேர் ஆனாலும், விதிகளுக்கு உட்பட்டு விமானம் கிளம்பலாம். எப்படி?

ஸ்டெப் பை ஸ்டெப்

கேட்டில் நிற்கும்போதே காற்றடிக்கிற வண்டி ஒண்ணு வந்து குழாயை மாட்டும். அதை வெச்சு ஒரு இன்ஜினை மட்டும் ஸ்டார்ட் பண்ணுவாங்க. 737-ல் அது இடது இன்ஜின். ஏன் தெரியுமா? குழாய் மாட்டுற இடம் வலது பக்கம். அதைக் கழற்றப் போற ஆள், ஓடுற இன்ஜின் பக்கம் போகக் கூடாதே!

வண்டி விலகி, விமானத்தைப் பின்னால தள்ளினதும் அடுத்த காட்சி. ஓடுற இன்ஜினோட கம்ப்ரஸரிலிருந்து சூடான காற்றை உருவி, குழாய் வழியா மற்ற இன்ஜினோட ஸ்டார்ட்டருக்கு அனுப்புவாங்க. 737-க்குத் தேவையான அழுத்தம் சுமார் 30 பி.எஸ்.ஐ. அட, நம்ம கார் டயர்ல அடிக்கிற அளவுதான்! ஆனா டயர் மாதிரி அடைஞ்சு கிடக்கிற காற்று இல்லை, விடாம பாயணும். அதனாலதான் அந்த நேரத்துல கேபின் ஏ.சி-க்குப் போற காற்றையும் நிறுத்திடுவாங்க. உள்ளே திடீர்னு புழுங்குதா? பயப்படாதீங்க மக்களே, உங்க ஏ.சி. காத்து இன்ஜினுக்குப் போயிருக்கு!

இங்கேதான் சிக்கல்

சும்மா ஓடுற வேகத்துல அந்த அழுத்தம் கிடைக்காம போகலாம். அப்போ முதல் இன்ஜினோட பவரைக் கூட்டணும். பவர் கூடினா முன்னால உறிஞ்சுற சக்தியும் கூடும், பின்னால சீறுற காற்றும் கூடும். பின்பக்கம் ஆளோ, வண்டியோ, இன்னொரு விமானமோ இல்லைன்னு உறுதியான பிறகுதான் பைலட் கை வைக்கணும்.

எந்த முறையில ஸ்டார்ட் பண்ணினாலும், ஓடுற இன்ஜின் பக்கத்துல கவனம் தப்பக் கூடாது. 2015 டிசம்பர் 16-ம் தேதி மும்பை விமான நிலையத்துல, ஹைதராபாத் கிளம்ப இருந்த ஏர் இந்தியா ஏ319 விமானத்தோட இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு, தரையில் வேலை பார்த்த டெக்னீஷியன் ஒருத்தர் உயிரிழந்தார். காதுல ஹெட்போன், சுத்தியும் பேரிரைச்சல்... சிக்னல் ஒண்ணு மாறினாலே உயிர் விலை.

'காத்தே வேணாம்'னு வந்தது போயிங் 787. அதுல இன்ஜினைச் சுத்திவிடுறது மின்சாரம். ஏர் இந்தியாவுக்கு முதல் 787 வந்தது 2012-ல். ஆனா, ஸ்டார்ட் பண்ற முறைதான் மாறிச்சு. இன்ஜின் உறிஞ்சுறது மாறலை.

தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்துல கம்ப்ரஸர், டர்பைன் எல்லாம் அழகான படமா இருக்கும். அதுக்குப் பக்கத்துல நிற்கிற மனுஷனை யாரும் வரையறதில்லை. அடுத்த தடவை ஜன்னல் சீட் கிடைச்சா, கிளம்புறதுக்கு முன்னால கீழே பாருங்க. ஒருத்தர் ஒதுங்கி நின்னு, சிவப்பு ரிப்பன் கட்டின ஒரு பின்னை பைலட்டுக்கு உயர்த்திக் காட்டுவார். 'எல்லாத்தையும் கழற்றியாச்சு, நாங்க விலகியாச்சு'ன்னு அர்த்தம். அவருக்கு ஒரு டாட்டா காட்டுங்க!