உங்களுக்குத் தெரியுமா? பூட்டிய வீட்டில் பூனை

பொங்கல் வந்தால் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு. கிருஷ்ணகிரி மாவட்டம் குருபரப்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வாடகைக்கு இருக்கிறவர்கள் போகிக்கு முந்தின ராத்திரியே பையைத் தூக்கிக்கொண்டு ஹைவேயில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். திருவண்ணாமலைக்குச் சிலர், மதுரைக்குச் சிலர், எல்லை தாண்டிக் குப்பத்துக்குச் சிலர். லைன் வீடுகளில் வரிசையாகப் பூட்டு தொங்கும். வளர்த்த பூனை? உள்ளேதான். தட்டு நிறையத் தீனி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். “நாலு நாள்தானே, அது பார்த்துக்கும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியாயிற்று. பார்த்துக்கொள்ளுமா?

எட்டு எலிக் கணக்கு

நாலு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி வேண்டும். ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரி. ஆக, தினம் ஏழெட்டு எலி. எட்டும் ஒரே நேரத்தில் வந்து மாட்டுவதில்லை என்பதால், சிறுகச் சிறுகப் பல தடவை தின்பதே பூனையின் வழக்கம். எந்நேரமும் தீனி கிடைக்கிற வீட்டில் பகலும் இரவுமாகப் பத்துப் பதினைந்து முறை வந்து கொறித்துவிட்டுப் போகும். பாதி மிச்சம் வைக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு நாள் கலோரியை உலர்தீனியாக எடுத்தால் சுமார் 60 கிராம். நாலு நாள் பங்கையும் ஒரேயடியாகக் கொட்டினால் சில பூனைகள் முதல் நாளே பேராசைப்பட்டுத் தின்று கக்கிவைக்கும். மீதியில் எறும்பு ஏறியிருக்கும்.

குறுந்தொகையின் 107ஆம் பாட்டு மதுரைக் கண்ணனார் பாடியது. தலைவனோடு உறங்கிக்கொண்டிருந்தவளைக் கூவி எழுப்பிவிடுகிறது ஒரு சேவல். அவளுக்கு வந்த கோபத்தில் சேவலுக்கு ஒரு சாபம் விடுகிறாள்: நள்ளிரவில் வீட்டெலிக்குக் காத்திருக்கிற காட்டுப்பூனைக் குட்டி உன்னை வைத்து வைத்துத் தின்னட்டும் என்று. ஒரே வாயில் போகட்டும் என்று அவள் சொல்லவில்லை, பாருங்கள். பூனை தின்பதை உட்கார்ந்து கவனித்தவர் எழுதிய பாட்டு.

தவசிப் பூனைக்கும் ஆகாத விரதம்

மாமல்லபுரத்தின் பெரிய தபசுச் சிற்பத்தில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியின் குறும்பு. நிஜத்தில் பூனை பட்டினி கிடந்தால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்க் குவியும். அதைச் சமாளிக்கப் பூனையின் கல்லீரலால் முடியாது. கண்ணும் ஈறும் மஞ்சள் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து. கொழுகொழுவென்று இருக்கிற பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். “குண்டாத்தானே இருக்கு, ரெண்டு நாள் தாங்கும்” என்ற கணக்கு தலைகீழ்.

தண்ணீர்

வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கப் பக்கத்து வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனைகள். இரையின் உடம்பிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்டு வாழப் பழகியவை. எலியின் உடம்பில் பெரும்பகுதி நீர்தானே. அதனால் தாகம் எடுப்பதே குறைவு. நாலு கிலோ பூனைக்கு நாளொன்றுக்குத் தோராயமாக 200 மில்லி தேவை. 60 கிராம் உலர்தீனியில் இருப்பதோ ஐந்தாறு மில்லி. மீதியைக் கிண்ணத்தில்தான் குடிக்க வேண்டும். கிண்ணம் ஒன்றே ஒன்று இருந்து அதுவும் முதல் நாள் காலில் தட்டிக் கவிழ்ந்துவிட்டால் என்ன ஆகும்? வெவ்வேறு மூலையில் மூன்று கிண்ணங்கள், அடி அகலமான கனத்த மண்சட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. ஏப்ரலில் கிருஷ்ணகிரி வெயிலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பூனையைப் பூட்டிவிட்டுப் போகவே போகாதீர்கள், தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தாலும்.

தயிர்சோற்றில் இல்லாதது

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சாவி கொடுத்தால் பூனைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பால்சோறு, தயிர்சோறு, இந்தப் பக்கமானால் ஒரு உருண்டை கேழ்வரகுக் களி. அன்பில் குறை இல்லை. டாரின் என்ற சத்துத்தான் அதில் போதிய அளவு இல்லை. நம் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையின் உடம்பு தேவையான அளவு தயாரிப்பதில்லை. இறைச்சியிலும் மீனிலும் எலியிலும் உண்டு, தானியத்தில் கிடையாது. டாரின் குறைந்தால் பூனைக்கு விழித்திரை கெடும் என்று 1975இல் கண்டுபிடித்தார்கள். இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்தது. கம்பெனித் தீனியில் டாரின் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நாலு நாள் தயிர்சோற்றால் எதுவும் ஆகிவிடாது. வருஷம் முழுக்க அதுவே என்றால் ஆகும்.

பாலும் அப்படித்தான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். ஆளில்லாத வீட்டில் அதைத் துடைக்கிற வேலையை நீங்கள் திரும்பி வந்துதான் செய்ய வேண்டியிருக்கும்.

பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது. அதற்கான மரபணு ஒன்று பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையம் கண்டறிந்தது. பொங்கல் பானையில் வாய் வைத்தால் நெய்க்காக என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அணைக்கட்டு மீன்

கே.ஆர்.பி. அணைக்குப் போனால் வறுத்த மீன் சாப்பிடாமல் வருபவர்கள் குறைவு. பூனைக்கும் ஒரு துண்டு வரும். மீன் நல்லதுதான். ஆனால் கெண்டை இனத்து மீன்கள் பலவற்றைப் பச்சையாகவே தினமும் போட்டால் அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். உப்பு, காரம் இல்லாமல் அவித்து, முள் நீக்கி வைக்க வேண்டும். மிஞ்சிய மீன்குழம்பை ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பிரிட்ஜில் வைத்த மீனைச் சில்லென்று நீட்டினால் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், கொழுப்பு என்று நினைக்காதீர்கள். வாசனை எழும்பினால்தான் அதற்குச் சாப்பாடு. வெதுவெதுப்பாக்கி வைத்துப் பாருங்கள்.

காலித் தட்டு சாட்சி சொல்லாது

சாவி வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டாம் நாள் போன் போகிறது.

“அக்கா, பூனை சாப்பிட்டுச்சா?”

“தட்டு காலி தம்பி. நல்லாத் தின்னிருக்கு.”

“பூனையப் பாத்தீங்களா?”

“அதை எங்க பாக்கறது? நான் போனாலே கட்டிலுக்கடியில பூந்துக்குது.”

இங்கேதான் சிக்கல். தட்டைக் காலி செய்தது ஜன்னல் வழியே வந்த தெருக் கடுவனாக இருக்கலாம், பெருச்சாளியாகவும் இருக்கலாம். குனிந்து தேடி, பூனையைக் கண்ணால் கண்டு, முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறவர்தான் பூனைக்குச் சாப்பாடு போடுகிறவர். தட்டை நிரப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர் தட்டுக்குத்தான் சாப்பாடு போடுகிறார். ஒளிந்துகொள்வதில் பூனையின் மேலும் தப்பில்லை. டோக்கியோப் பல்கலைக்கழகத்தார் செய்து 2013இல் வெளியான ஆய்வில், வளர்ப்பவரின் குரலையும் அந்நியரின் குரலையும் பூனைகள் பிரித்தறிவது உறுதியானது. காதைத் திருப்பின, தலையை அசைத்தன. கூப்பிட்டவரிடம் எழுந்து போகத்தான் பெரும்பாலும் மனசு வரவில்லை. எனவே ஊருக்குப் போவதற்கு முந்தைய வாரமே அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டு, உங்கள் எதிரிலேயே இரண்டு வேளை அவர் கையால் தீனி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லியாக வேண்டும்: மணல் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கடுவன் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை குறுகல். படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போகலாம். தட்டில் ஈரம் இல்லை, பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது என்றால் “நீங்க வந்ததும் பாத்துக்கலாம்” என்று விட முடியாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். உங்கள் போன் நம்பரோடு மருத்துவர் நம்பரையும் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டுப் போங்கள். கன்னடம் பேசுகிற அண்டை வீட்டாராக இருந்தால் அவருக்குத் தெரிந்த எழுத்தில்.

பூனையைத் தனிமையில் விடக் கூடாது என்பதைச் சுவிட்சர்லாந்தில் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். தனியாக வளர்க்கப்படும் பூனைக்குத் தினமும் மனிதரோடு பழக வாய்ப்பு வேண்டும், இல்லையேல் இன்னொரு பூனையையாவது பார்க்கக் கிடைக்க வேண்டும்.

ஐம்பது ரூபாய்ச் சட்டம்

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. அதன் வேர் சென்னையில். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அச்சட்டத்தின் 11ஆம் பிரிவில், வளர்ப்பு விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இடமும் கொடுக்காமல் விடுவது குற்றம். பசி தாகத்தில் வாடும்படி கைவிட்டுப் போவதும் குற்றம். தண்டனை? முதல் தடவைக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். ஹைவே ஓட்டலில் ஒரு தோசைக்குக்கூடக் காணாது. அறுபதாண்டுக்கு முன் அது பணம்தான். இன்னும் அந்தத் தொகையைத் தொடாமல் வைத்திருப்பதற்கு என்ன சமாதானம் சொல்வார்களோ.

நபிமொழித் தொகுப்புகளில் இதைவிடக் கடுமையான தீர்ப்பு இருக்கிறது. ஒரு பெண் பூனையை அடைத்துவைத்தாள். தானும் தீனி போடவில்லை, வெளியே போய் இரை தேடவும் விடவில்லை. அது பசியால் இறந்தது, அவள் நரகத்துக்குப் போனாள் என்று அந்த நபிமொழி சொல்கிறது. அடைக்கவும் அடைத்து, தீனியும் போடாமல் விட்டதுதான் அங்கே குற்றம். பூட்டிய வீடு என்பது அதுவேதான்.

கோர்ட்டுக்குப் போன பிஸ்கட்

2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு. கொச்சியில் மூன்று பூனை வளர்த்த ஒருவர் பூனை பிஸ்கட் வாங்கிவர வாகன பாஸ் கேட்டார். போலீஸ் மறுத்தது. வீட்டில் அசைவம் சமைப்பதில்லை, பூனைக்கு வேறு வழியில்லை என்று அவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டிய நீதிபதிகள், போய் வாங்கிவர அனுமதித்தார்கள். பூனையையும் பேரழிவையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் சேர்த்துத் தீர்ப்பிலேயே ஒரு சிலேடை வேறு.

மெஷினை நம்பினால்

நேரம் வைத்தால் தானாகத் தீனி கொட்டுகிற பெட்டி இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. செல்போனில் பட்டனைத் தட்டினால் கொட்டுகிற வகையும் உண்டு. 2016 ஜூலையில் அமெரிக்காவில் பெட்நெட் என்ற கம்பெனியின் சர்வர் படுத்துவிட, அதை நம்பியிருந்தவர்களின் பெட்டிகள் தடுமாறின. 2020 பிப்ரவரியில் மறுபடியும் கோளாறு, இம்முறை ஒரு வாரம்போல் நீடித்தது. நமக்குச் சர்வர் வரைக்கும் போக வேண்டாம், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை போதும். பேட்டரியிலும் ஓடுகிற, நெட் இல்லாமலே நேரம் காக்கிற பெட்டியாக வாங்குங்கள். அப்போதும் அக்காவிடம் சாவி இருக்கட்டும்.

எறும்பு வராமலிருக்கத் தீனித் தட்டை, தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தின் நடுவில் வையுங்கள். எறும்புப் பொடி, சாக்பீஸ் கோடு வேண்டாம். அவற்றில் இருக்கிற பூச்சிமருந்து வகைகளை முறிக்கப் பூனையின் உடம்புக்குத் திராணி குறைவு. அதே காரணத்தால் பாரசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனைக்கு எமன்.

கூட்டிக்கொண்டே போகலாமா?

ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் முழு கேபினோ கூபேயோ உங்கள் பேரில் இருந்தால் பூனையையும் புக் செய்து உடன் கொண்டுபோகலாம். மற்றபடி கார்டு பெட்டிதான். அந்தப் பணத்துக்கு அக்காவுக்கு ஒரு சேலையே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

இப்படி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதும் எல்லா ஊரிலும் எளிதாக இருக்கவில்லை. சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான் உரிமம் பெற்று வீட்டுக்கு இரண்டு வரை வளர்க்கலாம் என்றார்கள். அதுவரை, ஊருக்கு வரும் நம்மவர்கள் எதிர்வீட்டாரிடம் “பூனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்வதே வில்லங்கம்.

சம்பளம் வாங்கிய பூனைகள்

1868இல் லண்டன் தபால் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் எலித் தொல்லை. மூன்று பூனைகளை வேலைக்கு வைக்க, அவற்றின் தீனிக்கு வாரம் இரண்டு ஷில்லிங் கேட்டார் அங்கிருந்த அதிகாரி. மேலிடம் ஒரு ஷில்லிங்தான் கொடுத்தது. மீதி வயிற்றுக்கு எலி பிடித்துக்கொள்ள வேண்டும், ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் படியில் பிடித்தம் என்று எழுத்தில் உத்தரவு. சிப்காட்டில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த உத்தரவின் நடை பழகியதாகவே இருக்கும். பூனைகள் வேலையில் தேறிவிட்டன. சில ஆண்டுகளில் படியும் உயர்ந்தது.