நாற்பது கிலோ அடகு

காரைக்குடியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகன் இத்தாலியில் மேற்படிப்பு படிக்கிறானாம். "அங்க ஒரு பேங்க்ல நகைக்குப் பதிலா சீஸை அடகு வாங்கிக்கிட்டு கடன் கொடுக்கிறாங்களாம். நிஜமா, இல்ல பையன் கதை விடறானா?" என்று கேட்கிறார்.

நிஜம்தான் அம்மா. பையன் மீது சந்தேகப்பட வேண்டாம். நகைக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் என்றுகூடச் சொல்லலாம்.

அடகுக்குப் போகும் அந்தச் சீஸின் பெயர் பார்மிஜானோ ரெஜ்ஜானோ. நாம் பார்மேசான் என்று சொல்வதன் மூலவடிவம். பாலைத் திரித்து, நீரை வடித்துக் கட்டியாக்கும் கதையை இங்கே விளக்கப் போவதில்லை. பனீர் செய்து பார்க்காத வீடு இப்போது குறைவு. இந்தச் சீஸுக்கு மட்டும் உரிய சில விஷயங்களைச் சொல்கிறேன்.

வட இத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்கள், பொலோன்யா மாவட்டத்தில் ரேனோ ஆற்றுக்கு மேற்கே உள்ள பகுதி, மாந்தோவா மாவட்டத்தில் போ ஆற்றுக்குத் தெற்கே உள்ள பகுதி. இந்த எல்லைக்குள் கறந்த பாலில், இந்த எல்லைக்குள்ளேயே செய்தால்தான் அந்தப் பெயர். ஆற்றுக்கு அக்கரையில் அதே பாலை அதே முறையில் காய்ச்சினாலும் வேறு பெயரில்தான் விற்க வேண்டும்.

மாலையில் கறந்த பாலை அகலமான ஆழமில்லாத தொட்டிகளில் ராத்திரி முழுக்க ஆடாமல் வைக்கிறார்கள். மேலே மிதந்து வரும் கொழுப்பைக் காலையில் எடுத்துவிட்டு, அன்று காலை கறந்த முழுப் பாலை அதனோடு கலக்கிறார்கள். கவிழ்த்து வைத்த மணியின் வடிவில் இருக்கும் பெரிய செப்புக் கொப்பரையில் ஊற்றி, முந்தைய நாள் வடித்த தெளிநீரில் கொஞ்சத்தை உறையாக விடுகிறார்கள். பிறகு கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். சில நிமிடங்களில் பால் கெட்டிப்படும். அதை 'ஸ்பீனோ' என்கிற ராட்சத மத்தால் அரிசி அளவுக் குருணையாக உடைத்து, சுமார் 55 டிகிரி வரை சூடேற்றி, அடியில் படிய விடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய வெள்ளை உருண்டை உருவாகிவிடும். இருவர் சேர்ந்து லினன் துணியில் அதைத் தூக்கி இரண்டாக வெட்டுவார்கள். ஒரு கொப்பரைக்கு இரண்டு சக்கரங்கள். இவற்றை அங்கே இரட்டையர் என்றே அழைக்கிறார்கள்.

பார்மாவுக்கு வெளியே ஒரு சீஸ் கூடத்தில் இதை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். பத்தரைக்குப் போனால் கழுவிவிட்ட தரையைத்தான் பார்க்கலாம். காஸாரோ என்று அழைக்கப்படும் சீஸ் தலைமைக் கைவினைஞர் குருணையைக் கையில் அள்ளி, அழுத்தி, விரித்துப் பார்த்து நேரத்தை முடிவு செய்கிறார். வெப்பமானி இருக்கிறது, ஆனாலும் கை வைக்காமல் அவர் எதையும் முடிவு செய்வதில்லை.

அச்சில் இருக்கும்போதே பக்கவாட்டில் புள்ளிப் புள்ளியாகப் பெயர், எந்தக் கூடம் என்ற எண், செய்த மாதம், ஆண்டு எல்லாம் பதிந்துவிடும். மேலே கேசின் என்ற பால் புரதத்தால் ஆன தகடு ஒன்றில் தனி அடையாள எண். அச்சிலிருந்து வெளியே வந்ததும் மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாக உப்புநீரில் மிதக்க வேண்டும். பிறகு மரப்பலகையில் காத்திருப்பு. குறைந்தபட்சம் 12 மாதம். பொதுவாக 24. பிடித்தவர்கள் 36 மாதமும் அதற்கு மேலும் வைக்கிறார்கள். தயாரான சக்கரம் சுமார் 40 கிலோ இருக்கும். அதற்குள் ஏறத்தாழ 550 லிட்டர் பால் அடங்கியிருக்கிறது.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. பால் கொடுத்த விவசாயிக்குப் பணம் வேண்டும், வேலை செய்தவருக்குச் சம்பளம் வேண்டும், மின் கட்டணம் காத்திருக்காது. சரக்கு விலைபோவதோ ஒன்று, இரண்டு ஆண்டு கழித்து. இந்தச் சீஸைச் செய்யும் கூடங்கள் சுமார் 300. அவற்றில் பல, பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுகள். கையில் பெரிய முதலீடு இல்லாதவர்கள். ஒவ்வொரு நாள் காலையும் புதுச் சக்கரங்கள் அலமாரியில் ஏறிக்கொண்டே போகும், கல்லாவில் மட்டும் ஒன்றும் விழாது. அவசரத்துக்குப் பச்சையாக விற்கவும் முடியாது. 12 மாதத்துக்கு முன் அதற்கு அந்தப் பெயரே கிடையாது.

1910-இல் தொடங்கி, இன்று ரெஜ்ஜோ எமிலியாவைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் கிரெடிட்டோ எமிலியானோ வங்கி இந்த இடைவெளியில் நுழைந்தது. 1953 முதல் அது சீஸ் சக்கரங்களை அடகாக எடுத்துக் கடன் தருகிறது. அதற்கென்றே துணை நிறுவனம், அந்த நிறுவனத்துக்கு ராட்சதக் கிடங்குகள். அங்கே நான்கு லட்சத்துக்கும் மேல் சக்கரங்களை வைக்க இடமிருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை மரப்பலகை, பலகை நிறைய மஞ்சள் சக்கரங்கள். சந்தை விலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் கடன் கிடைக்கும். கடன்காரர் தவறினால் வங்கி சீஸை விற்றுக் கணக்கை நேர்செய்துகொள்ளும்.

நகைக் கடன் தெரிந்தவர்களுக்கு இது அப்படியே புரியும். ஆனாலும் ஒரு வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாங்கள் நகையைப் பொட்டலம் கட்டி, அரக்கு வைத்து, பெட்டகத்தில் போட்டுப் பூட்டினால் அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்துத் திறந்தாலும் அதே சங்கிலி, அதே எடை. அதைப் பார்த்துக்கொள்ள யாரும் தேவையில்லை. சீஸ் அப்படிச் சும்மா கிடக்காது. ஈரம் குறையும், எடை குறையும், மேலே பூஞ்சை வரும், ஒரே பக்கமாக வைத்தால் அடி சப்பையாகும். அதனால் சில நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு சக்கரத்தையும் எடுத்து, துடைத்து, புரட்டி வைக்க வேண்டும். இன்று இதை இயந்திரக் கைகள் செய்கின்றன. கிடங்கின் வெப்பமும் ஈரப்பதமும் எப்போதும் கண்காணிப்பில் இருக்கும். அதாவது அடகுப் பொருளை வங்கியே வளர்த்துத் திருப்பிக் கொடுக்கிறது. பெட்டகத்தில் இருக்கும்போதே பொருளின் மதிப்பும் ஏறுகிறது. 12 மாதச் சீஸைவிட 24 மாதச் சீஸுக்கு விலை அதிகம். வட்டி ஒரு பக்கம் ஏறும்போது அடகும் கூடவே ஏறுவதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நகைக்கு மதிப்பீட்டாளர் இருப்பதுபோல இதற்கும் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் உரைகல்லுக்குப் பதில் ஒரு சின்னச் சுத்தியல். 1934-இல் உற்பத்தியாளர்கள் ஏற்படுத்திய கன்சார்ட்டியத்தின் விதிப்படி, ஒவ்வொரு சக்கரமும் 12-ஆம் மாதம் பரிசோதனைக்கு வர வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் சக்கரம் உற்பத்தியாகிறது. மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்க்கும் பேச்சே இல்லை. சுத்தியல்காரர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் காதால் கேட்கிறார். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம் வந்தால் உள்ளே கெட்டி. ஓரிடத்தில் சத்தம் மாறினால் அங்கே விரிசலோ காற்றுக்குமிழியோ இருக்கிறது. சந்தேகம் வந்தால் மெல்லிய ஊசியைச் செருகி, அது போகும் தடையையும் வரும் மணத்தையும் கவனிப்பார். தேறிய சக்கரத்துக்கு நீள்வட்டச் சூட்டு முத்திரை. அடுத்த தரத்துக்குச் சுற்றிலும் கோடு இழுத்துவிடுவார்கள். தேறாததற்கு, பிறந்தபோது பதிந்த புள்ளி எழுத்துகள் முழுவதையும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பெயரில்லாத சீஸாக அது வேறு வழியில் போய்க்கொள்ளலாம்.

அந்தக் குமிழிக்குக் காரணம் ஓராண்டுக்கு முன் மாடு தின்ற தீவனமாக இருக்கலாம் என்பது இன்னும் சுவாரசியம். குழியில் ஊறவைத்துப் பதப்படுத்தும் சைலேஜ் தீவனத்தில் ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் பெருகும். அவை பாலோடு வந்து, மாதக்கணக்கில் தூங்கி, சீஸுக்குள் வாயுவை உண்டாக்கி அதை உப்ப வைக்கும். பக்கத்துப் பகுதியின் கிரானா பதானோ சீஸில் முட்டையிலிருந்து எடுக்கும் லைசோசைமைச் சேர்த்து இதைத் தடுக்க அனுமதி உண்டு. பார்மிஜானோவில் பால், உப்பு, ரென்னட் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது. அதனால் மாட்டுக்குச் சைலேஜே கூடாது என்று விதி செய்துவிட்டார்கள். பச்சைப் புல்லும் உலர்த்திய புல்லும்தான் முக்கிய உணவு.

இந்தச் சீஸைச் செல்வமாகப் பார்ப்பது வங்கிக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1666-இல் லண்டன் தீப்பிடித்து எரிந்தபோது, சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அதிகாரி தோட்டத்தில் குழி தோண்டி ஒயினையும் பார்மேசான் சீஸையும் புதைத்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஆனால் செல்வம் என்றால் ஆபத்தும் உண்டு. 2012 மே மாதம் இந்தச் சீஸின் ஊரான எமிலியா பகுதியை இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் தாக்கின. கிடங்குகளில் அலமாரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. லட்சக்கணக்கான சக்கரங்கள் விழுந்தன, உடைந்தன. உடைந்ததைக் காத்திருந்து முதிர வைக்க முடியாது, உடனே விற்றாக வேண்டும். மோதெனாவின் புகழ்பெற்ற சமையல்காரர் மாசிமோ பொத்தூரா பார்மிஜானோவைக் கொண்டு ரிசோத்தோ என்ற அரிசி உணவுக்கு ஒரு செய்முறையை உருவாக்கிப் பரப்பினார். உலகெங்கும் பலர் சமைத்து, அந்தச் சீஸை வாங்கிக் கூடங்களுக்குக் கைகொடுத்தார்கள். கடன் ஏற்பாட்டையும் இத்தாலி விரிவாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் 1985-இல் பன்றித் தொடை ஹாமுக்குச் சிறப்பு அடகுச் சட்டம், 2001-இல் அது நீண்ட நாள் முதிரும் சீஸ்களுக்கும் வந்தது. 2020 கொரோனா காலத்தில் புவிசார் பெயர் பெற்ற மற்ற பொருட்களுக்கும் கதவு திறந்தார்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். நான் இருந்த கிளைக்கு ஒரு கயிறு உற்பத்திக் கூட்டுறவின் தலைவர் வந்தார். கிடங்கு நிறையச் சரக்கு, வாங்குவதற்கு ஆள் இருக்கிறது, மூன்று மாதம் தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். எங்கள் மேலாளர் சரக்கைப் போய்ப் பார்க்கவே இல்லை. "வீட்டுல நகை இருக்கா?" என்று கேட்டார். மனைவியின் வளையலோடு அவர் மறுநாள் வந்தார், நானும் எடை போட்டேன். கிடங்கு ரசீதின் பேரில் கடன் தரும் சட்டம் நம் நாட்டிலும் 2007-இல் வந்தது. சட்டம் இருந்தால் போதாது, சரக்கைத் தட்டிப் பார்த்து மதிப்புச் சொல்லத் தெரிந்த ஆளை வங்கி சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இத்தாலிய வங்கி அதைத்தான் செய்தது.

இத்தாலியையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. மாடு ஞாயிறு, பண்டிகை பார்ப்பதில்லை. அதிகாலையிலும் மாலையிலும் கறந்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு எழுந்திருக்க உள்ளூர் இளைஞர்கள் விரும்பாமல் போனார்கள். 1980-களிலிருந்து பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் போ சமவெளியின் தொழுவங்களை ஏற்றுக்கொண்டார்கள். ரெஜ்ஜோ எமிலியா மாவட்டத்து நொவெல்லாராவில் அவர்கள் கட்டிய பெரிய குருத்வாரா 2000-இல் திறக்கப்பட்டது. இன்று அந்தப் பகுதியின் பாலில் கணிசமான பங்கு அவர்கள் கைபட்டு வருவது. சீஸ் விளம்பரங்களில் மட்டும் தலைப்பாகை கட்டிய முகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த வருத்தம் நம் ஊர் பீட்சாவோடு வரும் தூள் பொட்டலம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பார்மேசான் என்ற பெயரில் பார்மிஜானோ ரெஜ்ஜானோவைத் தவிர வேறெதையும் விற்கக் கூடாது என்று 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்றியத்துக்கு வெளியே அந்தத் தீர்ப்பு செல்லாது. அமெரிக்காவில் 'நூறு சதவீதம் பார்மேசான்' என்று விற்ற டப்பாக்களில் மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் இருந்தது 2016-இல் பெரிய செய்தியானது. தூள் கட்டிதட்டாமல் இருக்கக் கொஞ்சம் சேர்ப்பது சட்டப்படி சரி என்றாலும், இரண்டு ஆண்டு காத்திருந்த பொருளின் பெயரை அதற்குக் கொடுப்பது நியாயமில்லை.

சைவ வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசல் பார்மிஜானோவில் கன்றின் ரென்னட் கட்டாயம். தாவர ரென்னட்டில் செய்த பார்மிஜானோ என்று ஒன்று இல்லை. உணவகத்தில் "வெஜ் பாஸ்தா" என்று போட்டிருந்தாலும் மேலே தூவுவது எது என்று கேட்டுவிடுங்கள்.

சாப்பிடுகிறவர்கள் தூளாக வாங்காமல், ஓடு ஒட்டியிருக்கும் துண்டாக வாங்குங்கள். ஓட்டில் புள்ளி எழுத்துகள் தெரிய வேண்டும். உள்ளே மணல்போல் நறநறக்கும் வெள்ளைப் பொட்டுகள் பழுது இல்லை, முதிரும்போது உருவாகும் டைரோசின் என்ற அமினோ அமிலப் படிகங்கள். துருவுவதைச் சாப்பிடும் நேரத்தில் செய்யுங்கள். மீன், இறால் போட்ட பாஸ்தாவுக்கு இத்தாலியப் பரிமாறுபவரிடம் இதைக் கேட்காதீர்கள், முகம் சுளிப்பார். ஓட்டையும் எறிந்துவிடாதீர்கள். கழுவிச் சுரண்டி, சூப் கொதிக்கும்போது போட்டால் சாறு முழுக்க இறங்கும். மெழுகோ வேறு பூச்சோ அதில் கிடையாது.