மோட்டார் சைக்கிளைப் பேணுதல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில் அமைந்தது பொன்னமராவதி. அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் பாற்கேனும் காய்கறி மூட்டையும் சுமப்பதற்கு மோட்டார் சைக்கிள் பெரிதும் உதவுகிறது. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருவாயும் நின்றுவிடும். 1955-இல் தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. 1980-இல் ஒசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வெளிவந்தது. இத்தகைய வண்டிகள் பரவிய அளவிற்குப் பட்டறைகள் பரவவில்லை. ஆதலின் சிறு பணிகளை உடையவரே செய்துகொள்ளுதல் நன்று.

வீட்டில் வண்டியைப் பிரிப்போர் அடையும் இடர்களுட் பல வலிமைக் குறைவால் வருவன அல்ல. வலிமையை மிகுதியாகச் செலுத்துவதால் வருவன. எஞ்சினின் உறை பெரும்பாலும் அலுமினியத்தால் ஆயது. அதனுட் புகும் திருகாணியோ எஃகினால் ஆயது. கோணலாகப் புகுந்த ஆணியை ஸ்பேனரால் முறுக்கினால், மென்மையான உறையிலுள்ள மரையே அழியும். சிற்றாணி பிழைத்துக்கொள்ள, விலை மிக்க உறை வீணாகும்.

இதனைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆணியைத் துளையில் வைத்து, முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்புதல் வேண்டும். மரையின் வாய்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது ஆணி சிறிது கீழிறங்குவதை விரல் உணரும். அதன்பின் வலப்புறமாகத் திருப்பினால் நேரே செல்லும். ஸ்பார்க் பிளக்கை மாட்டும்போது, அதன் பீங்கான் தலையில் இறுகப் பொருந்தும் சிறு ரப்பர்க் குழாயைச் செருகித் திருகலாம். பிளக்குக் கோணலாகச் சென்றால் குழாய் வழுக்கும், மரை தப்பும். எஞ்சின் சூடாறிய பின்னரே பிளக்கைக் கழற்றல் வேண்டும்.

உறையைத் திறக்குமுன் அதன்மேற் படிந்த செம்மண்ணைத் துடைத்துவிடுக. இன்றேல் அம்மண் எஞ்சினுள் விழும். உறையின் ஆணிகள் எல்லாம் ஒரே நீளமுடையன அல்ல. குட்டை ஆணிக்குரிய துளையில் நெட்டாணியை முடுக்கினால் உறை வெடிக்கவும் கூடும். ஆகவே பழைய அட்டை ஒன்றில் உறையின் வடிவை வரைந்து, உரிய இடங்களில் துளையிட்டு, கழற்றிய ஆணிகளை அவ்வவ்விடத்தே செருகி வைப்பர் பட்டறிவுடையோர். பூத்தொடுப்பவர் மலர்களை வகைப்படுத்தி வைப்பது போன்றதே இதுவும்.

சங்கிலியைப் பேணுவதில் மிகுந்த கருத்து வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே சங்கிலியைத் துடைத்து விரலை இழந்தோர் உளர். எஞ்சினை நிறுத்தி, நடுத்தாங்கியில் வண்டியை ஏற்றி, சக்கரத்தைக் கையாற் சுழற்றியே துடைத்தல் வேண்டும். சங்கிலி எங்கும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. ஆதலின் பல இடங்களில் சோதித்து, மிக இறுக்கமான இடத்திலேயே தொய்வை அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தொய்வு தகும். எனினும் வண்டியுடன் வரும் கையேடு கூறும் அளவே கொள்ளத்தக்கது. தொய்வு மிகுந்தால் சங்கிலி பற்சக்கரத்தினின்று கழன்று, ஓடும் சக்கரத்தையே நிறுத்திவிடலாம்.

சங்கிலியை இறுக்கியபின் இரு சக்கரங்களும் ஒரே நேரில் உள்ளனவா என்பதைக் காணக் கொத்தனாரின் நூலே போதும். பின் டயரின் பக்கத்தை ஒட்டி நூலை முன்னோக்கி இழுத்துப் பிடித்து, மறுபக்கத்தும் அவ்வாறே செய்க. முன் டயர் பெரும்பாலும் ஒடுக்கமானது. அதற்கும் நூலுக்கும் இடையிலுள்ள வெளி இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும்.

பின்சக்கரத்தை நகர்த்தினால் பின் பிரேக்கின் அளவும் மாறிவிடும். பலர் இதனை மறந்து விடுகின்றனர். அச்சு நட்டை நன்கு இறுக்கி, பிரேக்கைத் திருத்தி, வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே மிதித்துப் பார்த்தல் வேண்டும். சக்கரம் உடனே நின்றால், தெருவில் ஆளில்லாத நேரத்தில் மெல்ல ஓட்டி மீண்டும் ஒருமுறை சோதிக்கலாம்.