மூட்டுக்குள் ஒரு ஜெல்: தேய்ந்த குருத்தெலும்புக்கு ஹைட்ரோஜெல் மாற்றாகுமா?

"ஜவ்வு தேஞ்சுடுச்சு" என்று டாக்டர் சொன்னதும் பலருக்கும் வரும் சந்தேகம் இது: தோல் காயம் ஆறுகிறது, உடைந்த எலும்பு கூடுகிறது, இது மட்டும் ஏன் தானாகச் சரியாவதில்லை?

ஏன் ஆறுவதில்லை?

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு, சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது. பழுதுபார்க்கும் செல்கள் வந்துசேர வழியில்லை. நரம்பும் இல்லாததால், தேய்மானம் தொடங்குவதே பலருக்குத் தெரிவதில்லை.

ஹைட்ரோஜெல் எதற்கு?

தண்ணீரைப் பிடித்துவைக்கும் பாலிமர் வலைதான் ஹைட்ரோஜெல். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் இந்த வகைதான். குருத்தெலும்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். இரண்டுமே அழுத்தினால் அமுங்கும், விட்டால் மீளும்.

நோயாளிகளுக்குப் பொருத்தியாச்சா?

ஆமாம். கால் பெருவிரல் அடிமூட்டுத் தேய்மானத்துக்காக, 'கார்ட்டிவா' என்ற ஹைட்ரோஜெல் துண்டுக்கு 2016-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இந்தப் பிரச்சினைக்கு வழக்கமான அறுவை சிகிச்சை, எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவது. வலி போகும், கூடவே அசைவும் போய்விடும். கார்ட்டிவா அசைவைக் காப்பாற்றும் என்பதுதான் எதிர்பார்ப்பு. 2 ஆண்டு ஒப்பீட்டு ஆய்வும் நம்பிக்கை தந்தது.

ஆனால் 2024 அக்டோபரில், தயாரிப்பு நிறுவனமான ஸ்ட்ரைக்கர் அதைத் திரும்பப் பெற்றது. துண்டு எலும்புக்குள் இறங்குவது, இடம் நகர்வது, மறு அறுவை சிகிச்சை போன்றவை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததே காரணம்.

சிக்கல் எங்கே?

ஜெல் எவ்வளவு உறுதி என்பது பாதிக் கேள்விதான். எலும்பில் எப்படி நிற்கிறது என்பது மீதிப் பாதி. கார்ட்டிவாவை எலும்பில் துளையிட்டு அழுத்திச் செருகுவார்கள். வழவழப்பான ஜெல்லோடு எலும்பு ஒட்டி வளராது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு இந்த இரண்டையுமே கையில் எடுத்தது. செல்லுலோஸ் இழைகள் சேர்த்து அவர்கள் உருவாக்கிய ஜெல், அழுத்தத்தைத் தாங்குவதில் இயற்கைக் குருத்தெலும்பை 66 சதவீதம் விஞ்சியதாக 2022-ல் அறிவித்தார்கள். ஜெல்லை நேரடியாகச் செருகாமல், டைட்டானிய அடித்தளத்தில் சிமென்ட்டும் கவ்வியும் போட்டுப் பிணைத்தார்கள். அடித்தளம்தான் எலும்பில் பதியும்.

ஆனால் இவை ஆய்வக அளவீடுகள். தினமும் ஆயிரக்கணக்கான அடிகள் நடக்கும் கால் வேறு.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

புதிய இம்ப்ளான்ட் எதைப் பரிந்துரைத்தாலும் மூன்று கேள்விகள் போதும். எத்தனை ஆண்டு தரவு இருக்கு? இதற்காக எவ்வளவு எலும்பை எடுப்பீங்க? இது தோற்றால் அடுத்த வழி என்ன?