பூப்பதும் பொய்ப்பதும்: மூலக்குளத்து வீட்டுத் தோட்டங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் மூலக்குளத்தின் குறுக்குத் தெருக்களில் மாலை நாலரை மணிக்கு மேல் ஒரு வேலை தொடங்கும். வெயில் சற்றே தணிந்ததும் கையில் கிண்ணத்தோடு பெண்கள் கேட்டை ஒட்டி நிற்கும் குண்டுமல்லிச் செடிக்கு வருவார்கள். இன்றிரவு விரியப்போகும் மொக்கு எது, நாளைக்கு விட்டுவைக்க வேண்டியது எது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவார்கள். முற்றிய மொக்கு பால்வெள்ளையாகத் திரண்டிருக்கும்; மற்றதில் பச்சை மிச்சமிருக்கும். ஒரு கொத்தில் பெரும்பாலும் மூன்று மொக்கு, அதில் நடுமொக்குதான் முதலில் முற்றும். இரண்டு செடி நன்றாகப் பூக்கிற வீட்டில் சாமி படத்துக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் போக, எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு அரை முழம் மிஞ்சும். "அக்கா, இன்னைக்கு உங்க செடியில நிறைய போலிருக்கே?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். கேட்டவருக்கு ஒரு கைப்பிடி போய்ச் சேரும்.

வைகாசி முகூர்த்தங்களில் கடைப் பூவின் விலை ஏறும்போது இந்தச் செடியின் அருமை கூடும் என்பது உண்மைதான். ஆனால் காசு மிச்சம் என்பதற்காக யாரும் பூச்செடி வளர்ப்பதில்லை. வெறும் குச்சியாக ஊன்றியது தளிர்த்து, கிளைத்து, ஒருநாள் வீடு முழுக்க மணக்கிறது. அந்த மணத்துக்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது.

இதே வீடுகளின் மாடிக்குப் போனால் மோட்டார் அறைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த தொட்டிகளைப் பார்க்கலாம். ஒன்றில் ரோஜா இருந்தது, ஒன்றில் சாமந்தி, இன்னொன்றில் ஆசையாக வாங்கிய ஏதோ வெளிநாட்டுப் பூ. "தினமும் தண்ணி ஊத்தினேன், என்ன உரம் சொன்னாங்களோ அதெல்லாம் போட்டேன், அப்படியும் போயிடுச்சு" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. இந்தப் பகுதியில் பூச்செடிகள் கவனிப்பாரற்றுச் சாவது குறைவு. கவனிப்பு முழுவதும் பூவின்மேல் இருக்கிறது. செடி சாவதோ கண்ணுக்குத் தெரியாத வேரில்.

புதுவை நகரிலிருந்து வில்லியனூர் சாலையில் மேற்கே போனால் ரெட்டியார்பாளையத்தை அடுத்து வருவது மூலக்குளம். உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட பகுதி. நகரம் மேற்கே நகர நகர வயல்களும் தோப்புகளும் மனைகளாக மாறிய பக்கம் இது. மனை பள்ளமாக இருந்தால் முதலில் சவுடு அடித்து மேடாக்குவார்கள். வீடு கட்டி முடித்ததும் மிஞ்சிய ஜல்லி, காய்ந்த சிமெண்ட் கலவை, உடைந்த செங்கல் எல்லாம் மதிலோரத்தில்தான் தள்ளப்படும். அதன்மேல் அரையடி செம்மண் பரப்பிச் செடி நடுகிறோம். சில மாதம் அது அந்த அரையடிக்குள் வாழ்ந்து, தழைத்து, நம்மை நம்பவும் வைக்கிறது. வேர் கீழே இறங்கி ஜல்லியையும் சிமெண்ட்டையும் தொட்டதும் செடி அப்படியே நின்றுவிடுகிறது.

இதோடு போர் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பூச்சாகப் படிகிறதே, அது தண்ணீர் காய்ந்த பிறகு தங்கும் உப்பு. கடினநீரும் சிமெண்ட் கலந்த மண்ணும் சேர்ந்தால் மண்ணில் காரத்தன்மை ஏறும். காரம் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மல்லிகையில் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். புதுத் தளிர் மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போதவில்லை என்று நினைத்துப் புண்ணாக்கு, சாணம், டி.ஏ.பி. என்று கொட்டுகிறவர்கள் அதிகம். அந்தச் செடி கேட்பது இரும்புச்சத்து தரும் அன்னபேதி உப்பு. லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை இலையில் தெளிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கிற சாதாரணப் பொருள். மாடியில் மழைநீர் பிடித்துவைக்க ஒரு டிரம் இருந்தால் இன்னும் நல்லது; தொட்டிச் செடிக்கு மழைநீரைப் போன்ற மருந்து வேறில்லை.

இப்படிப்பட்ட கேள்விகளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க மூலக்குளத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. குரும்பாப்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம்தான் அது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது புதுச்சேரியில்தான் என்பது இங்குள்ள பலருக்கே புதிய செய்தியாக இருக்கும். ஏக்கர் கணக்கில் பயிர் செய்பவர்கள் மட்டும்தான் போக வேண்டும் என்றில்லை. நாலு தொட்டி வைத்திருப்பவரும் இலையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம்.

ரோஜாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அதிகம் வாங்கப்படுவதும் அதிகம் சாவதும் அதுதான். சாலையோர நர்சரியில் நாலு பூவோடு நிற்கும் ஒட்டுரோஜா பெரும்பாலும் வெளியூர்ச் செடி. ஓசூர், பெங்களூரு பக்கத்துக் குளிர்ச்சியில் வளர்ந்திருக்கும். இல்லாவிட்டால் ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்து வேரைச் சுற்றிக் களிமண் உருண்டையோடு லாரியில் வந்திருக்கும். அந்த உருண்டையை அப்படியே தொட்டியில் இறக்கி மேலே தளர்ந்த மண்ணைப் போட்டால், ஊற்றுகிற தண்ணீர் பக்கவாட்டில் இறங்கி ஓடிவிடும். உருண்டையின் உட்புறம் காய்ந்தே கிடக்கும், இல்லாவிட்டால் சொதசொதவென்று நின்று வேரை அழுகவைக்கும். நடுவதற்கு முன் வாளித் தண்ணீரில் உருண்டையை ஊறவிட்டு, வெளிக் களிமண்ணை மட்டும் மெதுவாகக் கரைத்துவிட்டு நட்டால் பிழைக்க வழியுண்டு. மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் சித்திரையில் ரோஜா வாங்குவதே தவறு. கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு வாங்க வேண்டும். இன்னொன்று, ஒட்டுக்குக் கீழிருந்து விறுவிறுவென்று கிளம்பும் குச்சியைப் பார்த்து மகிழக் கூடாது. அது அடிச்செடியின் காட்டுக்குச்சி. வெட்டாமல் விட்டால் மேலே ஒட்டிய ரகம் பட்டினி கிடந்து காய்ந்துவிடும்.

அதனால் என் பரிந்துரை எட்வர்ட் ரோஜாவும் பன்னீர் ரோஜாவும்தான். எட்வர்ட் ரோஜாவுக்கும் புதுவைக்கும் ஒரு பழைய உறவுகூட உண்டு. அதன் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரெயூனியன் தீவு. அன்றைக்கு அதன் பெயர் பூர்போன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே வேலியாக நட்டிருந்த சீன ரோஜாவும் டமாஸ்கஸ் ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்த இனம் அது. அதே காலத்தில்தான், 1816இல், லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் புதுச்சேரிக்கு வந்து இங்கிருந்து அந்தத் தீவுக்குச் செடிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். பின்னாளில் புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியதும் அதே தீவுக்குத்தான். செடியும் மனிதர்களும் ஒரே கடல்வழியில் போய்வந்த ஊர் இது. 1826இல் உருவான நமது தாவரவியல் பூங்காவும் அந்தப் போக்குவரத்தின் பிள்ளையே. அதைப் பிற்பாடு வளர்த்தெடுத்த பெரோத்தே என்ற தாவர அறிஞர் 1870இல் இந்த ஊரிலேயே காலமானார்.

கனகாம்பரம் இங்கே எளிதாக வரும், எளிதாகப் போகவும் செய்யும். காரணம் நூற்புழு. வாடிய செடியைப் பிடுங்கினால் வேரில் கருமையும் காயமும் தெரியும். அதே தொட்டி மண்ணில் மறுபடியும் கனகாம்பரம் வைக்காதீர்கள். வேப்பம் பிண்ணாக்கு கலந்து, ஒரு பட்டம் துலுக்கச் சாமந்தி போட்டுவிட்டு வையுங்கள். துலுக்கச் சாமந்தியின் வேர் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும்.

2024 நவம்பர் 30ஆம் தேதியை மூலக்குளத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அதற்கப்புறமும் நகராமல் பல மணி நேரம் அப்படியே நின்றது. 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு முன்னால் செடியைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வெள்ளம் வடிந்த பிறகு ஒவ்வொரு வாசலிலும் நடந்த இரண்டாவது இழப்பு செடிகளுடையது. நீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது. காற்றில்லாமல் வேர் மூச்சடைத்துச் சாகும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரத்துக்கு நடுவே நின்றுகொண்டே செடி தண்ணீரில்லாததுபோல வாடும். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றியவர்கள் உண்டு. செய்ய வேண்டியது வேறு: தொட்டியைச் சாய்த்து நீரை வடித்து, மேல்மண்ணைக் கிளறி, வாடிய கிளைகளை வெட்டிப் பாரத்தைக் குறைத்து, உரம் எதுவும் போடாமல் விட்டுவிடுவது. வரப்பு எடுத்து மேடான இடத்தில் நட்டிருந்த மல்லிகைகள் தாக்குப்பிடித்தன. ரோஜாவும் சாமந்தியும் பெரும்பாலும் போயின. அரளியும் நந்தியாவட்டையும் எதுவும் நடக்காததுபோல நின்றன. நான் அந்த இரண்டையும் பார்த்த பார்வை அன்றோடு மாறியது.

எல்லாத் தோல்வியும் மண்ணுக்குக் கீழேதான் என்று சொல்லிவிட முடியாது. செம்பருத்தி வளர்த்தவர்களுக்கு மாவுப்பூச்சியின் காலம் நினைவிருக்கும். பப்பாளி மாவுப்பூச்சி என்ற அந்நியப் பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி, வீட்டுச் செம்பருத்திகளையும் வெள்ளை மாவால் மூடியது. சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், சாம்பல் என்று எதை அடித்தாலும் பத்து நாளில் திரும்பி வரும். பூச்சியின் மெழுகுப் போர்வை மருந்தை உள்ளே விடாது. அது சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து அடுத்த கிளைக்கும் கொண்டுபோகும். மனம் வெறுத்து, பத்து வருடச் செம்பருத்தியை வெட்டி எரித்தவர்களும் உண்டு.

2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபாகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு, தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வெளியேறும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பூச்சி அடங்கியது. மருந்து தெளித்த தோட்டங்களில் குளவியும் சேர்ந்து செத்தது. தெளிக்காமல் பொறுத்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. வீட்டுத் தோட்டத்தில் பூச்சிமருந்துக்கு நான் எதிராக நிற்பது அதனால்தான். இன்று செம்பருத்தியில் வேறு மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பை நிறுத்துங்கள், நீரைப் பீச்சி அடியுங்கள், பூச்சி மீந்த கிளையை வெட்டுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

அணிலைப் பற்றிப் புகார் சொல்லாத வீடில்லை. செம்பருத்தி மொக்கைக் கடிக்கும், தொட்டியிலிருக்கும் தேங்காய் நாரைக் கூட்டுக்கு உருவிக்கொண்டு போகும். 2007இல் புதுச்சேரி தன் அடையாள விலங்காக அறிவித்தது அணிலை. பறவை குயில், மரம் வில்வம், பூ நாகலிங்கம். அணிலுக்கென்று கொஞ்சம் தானியமும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துவிட்டால் சேதம் குறைகிறது என்று எங்கள் தெருவில் அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

பூவை மனிதரோடு இவ்வளவு நெருக்கமாகச் சேர்த்து வைத்த ஊர்கள் குறைவு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை ஏறத்தாழ 900 மலர்களுக்குத் தனித்தனியே ஒரு பொருள் சொல்லி வைத்தார். மல்லிகைக்குத் தூய்மை, துளசிக்குப் பக்தி, மரமல்லிக்கு உருமாற்றம், காகிதப்பூவுக்குப் பாதுகாப்பு. நகரின் பழைய மதில்களில் வழியும் அந்தக் காகிதப்பூவுக்கு ஒரு குணம்: தண்ணீர் அதிகம் கொடுத்தால் இலையாகவே வளரும், காயவிட்டால்தான் நிறம் கொட்டும். மூலக்குளத்தில் காகிதப்பூ பூக்கவில்லை என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்பதுதான்.

மல்லிகைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். குண்டுமல்லி புதுத் துளிரில்தான் மொக்கு விடும். கார்த்திகைக் கடைசியில் தண்ணீரைக் குறைத்து, செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்து, மிஞ்சிய இலைகளையும் உருவிவிட வேண்டும். இலையும் தழையுமாய் நிற்கிற செடியை மொட்டையடிக்க யாருக்கும் மனம் வராது. வெட்டாத வீட்டில் பங்குனியிலும் பத்து மொக்குதான்.

இப்போது மூலக்குளத்தில் பூச்செடிக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்து நிழல். பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பினால் காலை வெயில் போய்விடும்; ஆறு மணி நேர வெயில் இல்லாமல் மல்லிகை சரியாகப் பூக்காது. கார் நிறுத்தவும் செருப்பில் மண் ஒட்டாமலிருக்கவும் வாசல் முழுவதும் டைல்ஸ் பதிப்பதும் வழக்கமாகிவிட்டது. புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: கிழக்கிலோ தெற்கிலோ மூன்றடி அகலம் மண்ணாக விடுங்கள். அந்தப் பட்டையில் மட்டும் சவுடும் ஜல்லியும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்திருந்தால் இரண்டடி ஆழத்துக்குத் தோண்டி அள்ளிவிட்டுச் செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்புங்கள். கொத்தனாருக்கு இது அரைநாள் வேலை.

செடிக்கு நர்சரியைத் தேட வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் பக்கத்து வீட்டு மல்லிகையில் பென்சில் பருமனுக்கு ஒரு முற்றிய குச்சி கேளுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றிவையுங்கள். தாழ்ந்த கிளை இருந்தால் அங்கேயே பதியன் போட்டுத் தரச் சொல்லலாம். பூச்செடிக் குச்சி கேட்டு இல்லையென்று சொன்னவர்களை இந்தத் தெருக்களில் நான் பார்த்ததில்லை.