ஆட்குறைப்பும் ஓய்வூதிய உரிமையும்: பத்தாண்டு வரம்பின் விளைவு

ஆட்குறைப்பால் பணியிழப்போர்க்கு உரிய தொகைகளை வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் (1952) கீழமைந்த திட்டங்கள் இரு வேறு வகையில் வரையறுக்கின்றன. வைப்பு நிதிக் கணக்கில் சேரும் தொழிலாளர் பங்கும் நிறுவனப் பங்கும் முதல் மாதத்திலிருந்தே தொழிலாளர்க்கு உரியவை. ஆனால் நிறுவனம் செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு, ஊதிய உச்சவரம்பிற்கு உட்பட்டு, 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது. அதிலிருந்து மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும்.

திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. ஆலையின் வாழ்நாளே பத்தாண்டை எட்டவில்லை. ஆதலின் அங்குப் பெற்ற பணிக்காலம் தனித்து எவர்க்கும் ஓய்வூதிய உரிமை தந்திராது.

இத்தகையோர்க்கு இரு வழிகள் உள்ளன. ஓய்வூதியப் பங்கைத் திரும்பப் பெற்றால் அதுவரையிலான பணிக்காலம் கணக்கிலிருந்து நீங்கும். திட்டச் சான்றிதழ் பெற்றால் அக்காலம் அடுத்த நிறுவனத்தின் பணிக்காலத்தோடு கூட்டப்படும். மீஞ்சூர் வட்டாரத்தில், பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களிலிருந்து எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் ஒப்பந்தப் பணிகளுக்குச் செல்வோர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஒப்பந்ததாரர் மாறுவதால் பணிக்காலம் அழிவதில்லை. இடையில் பெறும் சிறுதொகையே அதனை அழிக்கிறது.